தைலமரத்துக்குப் பதவி உயர்வு

மலைக்காட்டு மரங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று கண்டுபிடிப்பதற்காகவே எங்கள் மலையில் ஒரு நிலையம் இருக்கிறது. அதன் முழுப்பெயர் வாசல் பலகையில் மூன்று வரிக்கு ஓடும். நின்று படித்து முடிக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் எல்லோரும் ‘நிலையம்’ என்றே சொல்கிறார்கள்.

நிலையம் தொடங்கியபோது, மரங்களை மதிப்பிடுவதற்கான விதிப்புத்தகம் தலைமையகத்திலிருந்து வருவதாக இருந்தது. வரவில்லை. வேலை நின்றுவிடக் கூடாதே என்று முதல் இயக்குநர் அலமாரியில் கிடந்த ‘ஊழியர் மதிப்பீட்டு விதிகள்’ என்ற புத்தகத்தை எடுத்து, ‘ஊழியர்’ என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு ‘மரம்’ என்று எழுதிக்கொண்டார். தற்காலிக ஏற்பாடுதான். தற்காலிகம் என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டால் அதற்குச் சாவே கிடையாது என்பது ஏதாவது ஒரு அலுவலகத்தின் வாசலை மிதித்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் மலையில் மரங்களுக்குப் பணிப்பதிவேடு உண்டு. நிலையமே நட்டு வளர்த்த தைலமரங்களுக்குப் பணியில் சேர்ந்த தேதி இருந்தது. ஆகவே அவை நிரந்தரப் பணியாளர்கள். நாட்டு மரங்கள் எப்போது சேர்ந்தன என்று யாருக்கும் தெரியாது. நிலையம் வருவதற்கும், ஊர் வருவதற்கும் முன்பே அங்கே நின்றன. சேர்ந்த தேதி இல்லாத காரணத்தால் அவற்றைத் தினக்கூலிகளாகச் சேர்த்திருந்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் லாண்ட்ரிக்காரர் ஒருநாள் அங்கே மனுவோடு போனார்.

அவருக்கு ஊரில் ‘பளிச்’ என்று பெயர். கடைப் பலகையில் அந்த ஒரு சொல்தான் எழுதியிருக்கும். நிலையத்துக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில் வீடும் கடையும் ஒன்றாக இருந்தன. பின்னால் ஒரு ஊற்று. ஊர்க்குழாய்த் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறாது. ஊற்றை நம்பித்தான் தொழில். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் முழுக்க அவரிடம்தான் வெளுக்க வரும். ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்பு அவர் கையை விட்டுப் போகும்போது பலகையில் எழுதியபடியே இருக்கும்.

ஊற்றைச் சுற்றி நாட்டு மரங்கள் ஒரு கூட்டமாக நின்றன. கோணலும் மாணலுமாக வளர்ந்து, உடம்பெல்லாம் பாசி படிந்து, பார்ப்பதற்கு லட்சணம் என்று சொல்ல ஒன்றுமில்லாத மரங்கள். அவற்றுக்கு மேலே சரிவு முழுக்கத் தைலமரம். அந்தத் தைலமரங்கள் வீட்டுக்கூரையைத் தாண்டி உயர உயர, ஊற்று இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் தொட்டி நிரம்ப நேரம் ஆனது. அப்புறம் நிரம்பவே இல்லை.

“ஏங்க, இப்படியே போனா ஆஸ்பத்திரி வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க,” என்றாள் மனைவி. “மரம் தண்ணி குடிக்கிறதைப் பாக்குறதுக்குன்னே மேல சம்பளம் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களைப் போய்க் கேளுங்க.”

“நம்மளை உள்ள விடுவாங்களா?”

“என் தம்பி அங்கதான டிரைவரா இருக்கான்? அவன் பேரைச் சொல்லுங்க.”

மச்சான் பெயரைச் சொன்னதும் காவலாளி விட்டுவிட்டான். உள்ளே உதவி ஆய்வாளர் என்று ஒரு இளம்பெண் இருந்தாள். மரம் குடிக்கும் தண்ணீரை அளக்கிற கருவியை இயக்குபவள் அவள்தான். பளிச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாகத் தைலமரங்களைப் பார்த்தாள். பிறகு இயக்குநர் அறையின் கதவைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதுனால ஊத்து குறையுதுன்னு தோணுது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எனக்கு என்னங்க தெரியும்? யாரோ குடிக்கிறாங்க. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

இயக்குநர் நல்ல மனிதர். யார் போனாலும் உட்காரச் சொல்வார். மனுவை இரண்டு கையாலும் வாங்குவார். “அறிவியல்பூர்வமாகப் பார்த்துவிடுவோம்,” என்றார். ஊற்றுக்கு மேலே நிற்கும் தைலமரம் ஒன்று, ஊற்றோரத்து நாட்டு மரம் ஒன்று, இரண்டிலும் கருவி பொருத்த அங்கேயே உத்தரவு போட்டார். தண்டில் இரண்டு ஊசி. ஒன்று லேசாகச் சூடு கொடுக்கும். மற்றது அந்தச் சூடு எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது என்று பார்க்கும். வேகமாக ஏறினால் மரம் நிறையக் குடிக்கிறது, மெதுவாக ஏறினால் கொஞ்சமாகக் குடிக்கிறது.

பளிச்சுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, “திருடன் யாருன்னு தெரியப் போகுது,” என்றார்.

தெரிந்தது. தைலமரம் வெயில் ஏற ஏறக் குடித்தது. உச்சி வெயிலில் இன்னும் குடித்தது. கோடை பிறந்து மண் காய்ந்த பிறகும், வேரை எங்கேயோ ஆழத்துக்கு இறக்கிவிட்டுக் குடித்துக்கொண்டே இருந்தது. நாட்டு மரம் காலையில் கொஞ்சம் குடித்தது. வெயில் ஏறியதும் இலைகளின் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

முடிவைக் கேட்க நிலையத்துக்கு வரும்படி பளிச்சுக்கு ஆள் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சரிவில் பந்தல் போட்டிருந்தது. தைலமரத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் திகைத்துப் போய் ஓரமாக நின்றார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்தப் பணியாளரைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து குடிக்கிறார். வெயில் என்று பார்க்கவில்லை, கோடை என்று பார்க்கவில்லை. கீழே இருப்பவனுக்கு மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்வதும், கிடைக்காதபோது இன்னும் ஆழத்தில் கைவைத்து எடுத்துக்கொள்வதும் எல்லோருக்கும் வராது. இப்படிப்பட்ட அர்ப்பணிப்பை என் பணிக்காலத்தில் இன்னும் ஒரே ஒருவரிடம்தான் கண்டிருக்கிறேன். அடக்கம் கருதி அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.”

கைதட்டினார்கள். தைலமரம் ‘முதுநிலை மரம்’ ஆகப் பதவி உயர்த்தப்பட்டது.

பளிச் கையைத் தூக்கினார். “ஐயா, அப்போ தண்ணியை அதுதான் குடிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுங்களே...”

“உங்கள் மனுவால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நிலையம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது,” என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மற்றொரு பணியாளர் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். அதையும் கவனிக்கிறேன்.”

கவனித்தார். மறுநாளே நாட்டு மரத்தின் தண்டில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்றை ஆணி அடித்து மாட்டினார்கள். முதல் குற்றம், பணி நேரத்தில் நண்பகலில் இலைகளை மூடிக்கொண்டு உறங்கியது. இரண்டாவது, பணி நேரம் முடிந்த பிறகு இரவில் மூடுபனியிலிருந்து ஈரம் எடுத்துக்கொண்டது. அதாவது, நிலையத்துக்குத் தெரிவிக்காமல் வெளியிலிருந்து வருமானம் ஈட்டியது. மூன்றாவது, அந்த வருமானத்தை ரசீது இல்லாமல் தரையில் விநியோகித்தது.

விசாரணை மரத்தடியிலேயே நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவரால் அலுவலகத்துக்கு வர முடியாததால், மேசை நாற்காலிகளைச் சரிவில் இறக்கியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உட்காரவும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். விதியில் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் வசிப்பவர் என்ற முறையில் பளிச்சைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

“இரவில் இந்த மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார் இயக்குநர்.

பளிச் உண்மையைச் சொல்கிறவர். இதுவரை அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

“பாத்திருக்கேங்க. பனி இறங்குச்சுன்னா ராத்திரி பூரா சொட்டும். அந்தப் பாசி இருக்கு பாருங்க, பிழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி வரும். அதனாலதான் என் வீட்டுக்காரி இந்தப் பக்கம் கயிறே கட்ட மாட்டா. துணி காயவே காயாது.”

“எழுதிக்கொள்ளுங்கள். பொதுமக்களின் தொழிலுக்கு இடையூறு.”

“இடையூறுன்னு நான் சொல்லலீங்களே ஐயா!”

“துணி காயாது என்றீர்களா இல்லையா?”

“சொன்னேன். ஆனா...”

“ஆனா என்பதை எழுத வேண்டாம்.”

எழுதிக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் பேனாவை வைத்தாள். “சார், அந்தச் சொட்டுதான் மண்ணுக்குள்ள இறங்கி இந்த ஊத்துக்குப் போகுது. இந்த மரம் குடிக்கிறது கம்மி, பனியிலேருந்து பிடிச்சுக் குடுக்கிறது ஜாஸ்தி. மேல இருக்கிறது குடிக்கிறது ஜாஸ்தி...”

“அந்தச் சொட்டை அளந்தீர்களா?”

“இல்ல சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கருவியை அணைச்சுடுறோம். மின்சாரச் சிக்கனம்னு நீங்கதான்...”

“அளக்காதது எதுவும் நடக்கவில்லை,” என்றார் இயக்குநர், கோபமே இல்லாமல். “நடக்காத ஒன்றுக்காக ஒரு பணியாளரைக் காப்பாற்ற முடியுமா?”

நடக்காத அதே ஒன்றுக்காகத்தானே இரண்டாவது, மூன்றாவது குற்றச்சாட்டுகள் என்று அவள் கேட்டிருக்கலாம். அவளுக்கு அந்த ஆண்டு பணி நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்க மரத்துக்கு ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? மரம் விளக்கம் அளிக்கவில்லை. குறித்த காலத்துக்குள் பதில் தராத மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும் என்று புத்தகம் சொல்கிறது. அந்த மரத்தைப் பணிநீக்கம் செய்தார்கள். மற்றவையும் அதே குடும்பம் என்பதால் கூட்டம் முழுவதையும் வெட்டினார்கள். அந்த இடத்தில் முதுநிலை மரத்தின் வாரிசுகளாகப் வரிசை வரிசையாகத் தைலங்கன்றுகளை நட்டார்கள்.

வெட்டிய அன்று பளிச் வீட்டுக்குள்ளேயே இருந்தார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அவர் என்றால் பரவாயில்லை, கட்டிக்கொண்டது மரம்.

“விடுங்க, நீங்க என்ன வேணும்னா சொன்னீங்க?” என்றாள் மனைவி. அவளுக்குள்ளே ஒரு ஓரத்தில் கொஞ்சம் மகிழ்ச்சிகூட இருந்தது. மரம் போன இடத்தில் கயிறு கட்டினாள். வெயிலும் காற்றும் தாராளமாக வந்தன. விரிப்புகள் அரைமணி நேரத்தில் காய்ந்து மொடமொடவென்று நின்றன. வாழ்க்கையில் அப்படிக் காய்ந்த துணியை அவள் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் ஊற்று விரல் தடிமனுக்கு இளைத்துவிட்டது.

அதே கோடையில் நிலையத்துக்கும் ஒரு நெருக்கடி. தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. அந்த நேரம் பார்த்து முதுநிலை மரத்தின் கருவியில், அது குடிக்கும் அளவைக் காட்டும் கோடு கீழே இறங்க ஆரம்பித்தது. ஆழத்திலும் ஈரம் தீர்ந்துவிட்டது போலும். மரம் இலை உதிர்த்தது. இயக்குநர் இரவெல்லாம் தூங்கவில்லை என்று மச்சான் வந்து சொன்னான்.

“புத்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தாரு மாமா. விடியக்காலையில ‘பணியாளர் நலன்’னு ஒரு பக்கம் கிடைச்சிருச்சாம். பணியிடத்துல குடிதண்ணி வசதி செஞ்சு தரணும்னு அதுல போட்டிருக்காம்.”

“நல்லதுதானடா. உங்களுக்கெல்லாம் குடிதண்ணி வருமே?”

மச்சான் தலையைச் சொறிந்தான். “எங்களுக்கு இல்ல மாமா. மரத்துக்கு.”

மறுநாள் குழாய் வந்து இறங்கியது. மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீர் ஆதாரம் எது என்று பார்த்தார்கள். பளிச்சின் ஊற்றுதான். ஒரு மோட்டாரை வைத்து, ஊற்றிலிருந்து மேலே முதுநிலை மரத்தின் அடிக்குக் குழாய் போட்டார்கள்.

பளிச் நிலையத்துக்கு ஓடினார். செருப்புப் போட மறந்துவிட்டார்.

“ஐயா, தண்ணி குறையுதுன்னு மனு குடுத்தவன் நான். இருக்கிற தண்ணியையும் எடுத்து அதுக்கே ஊத்துனா நான் எங்கங்க போவேன்? ஆஸ்பத்திரி விரிப்பு மலையாட்டம் கிடக்குது. நோயாளிங்க படுக்கணும்ங்க!”

இயக்குநர் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“உங்கள் மனுவின் மேல்தான் இந்த ஆய்வே நடக்கிறது,” என்றார் பொறுமையாக. “மரம் குடிக்காவிட்டால் அது எவ்வளவு குடிக்கிறது என்று நான் எப்படி அளப்பது? அளக்காவிட்டால் உங்கள் ஊற்று ஏன் குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களுக்காகத்தானே இவ்வளவும்?”

பளிச் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தார். எங்கேயோ தப்பு இருந்தது. எங்கே என்று விரலை வைக்க முடியவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். கும்பிட்டது எதற்கு என்று வழியெல்லாம் அவருக்கு விளங்கவில்லை.

ஆய்வுக்குழு வந்த அன்று கருவியின் கோடு கூரையைத் தொட்டது. குழுவினர் கார் நின்ற இடத்திலிருந்தே மரத்தைப் பார்த்து வியந்தார்கள். பளிச்சின் மனுவையும் அவர்கள் மறக்கவில்லை. பதில் தபாலில் வந்தது. ‘மனுதாரர் குறிப்பிடும் சரிவில் நீரோட்டம் மிகச் சிறப்பாக இருப்பதைக் கருவி ஐயமின்றி உறுதி செய்கிறது. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது.’

அந்தக் கடிதம் வந்தபோது ஊற்றில் சேறு இருந்தது. சில நாளில் சேறும் வெடித்தது. மோட்டார் காற்றை இழுத்து இழுத்து இருமியது. ஆஸ்பத்திரி வண்டி வந்து, வெளுக்காமல் கிடந்த விரிப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. மனைவி கடைசி மூட்டையைத் தானே தூக்கிக் கொடுத்தாள். அழவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

மரத்துக்கு இப்போது டேங்கர் லாரியில் கீழே ஊரிலிருந்து தண்ணீர் வந்தது. லாரி ஓட்டுகிறவன் மச்சான்தான். வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமாவை அவனால் பார்க்க முடியவில்லை.

“மாமா, தப்பா நெனக்காதீங்க. மரத்துக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணுமாம். உங்க பேரைச் சொல்லட்டுமா?”

பளிச் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைப் பார்த்தாள்.

அப்படியாகத் தன் ஊற்றைக் குடித்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் அவர் சேர்ந்தார். சேர்ந்த தேதியைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். லாரியிலிருந்து குடம் குடமாகப் பிடித்து, சரிவு ஏறிப்போய், அடிமரத்தில் ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்றக் கோடு ஏறும். கோடு ஏறுவதைப் பார்த்து இயக்குநர் ஜன்னலிலிருந்து கையசைப்பார்.

ஆண்டு முடிவில் மதிப்பீடு வந்தது. அங்கேதான் பளிச்சுக்கு இன்னொன்று தெரிந்தது. நிலையத்தில் இருப்பது அந்த ஒரே புத்தகம்தான். ‘ஊழியர்’ என்பதை அடித்து ‘மரம்’ என்று எழுதிய பிறகு, ஊழியர்களுக்கென்று வேறு புத்தகம் யாரும் வாங்கவில்லை. ஆகவே அங்கே எல்லோரையும் உயரம், சுற்றளவு, பகல் நேரத்தில் உறிஞ்சிய நீர் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். சுற்றளவில் இயக்குநருக்கு வருடா வருடம் ‘மிகச் சிறப்பு’.

பளிச்சை மேசைக்கு முன் நிற்க வைத்தார்கள். உதவி ஆய்வாளர் நாடாவை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்றார் இயக்குநர்.

“ஒரு பாட்டிலுங்க. அதையும் சாயங்காலம் வரைக்கும் வச்சுக்குவேன்.”

“அவ்வளவுதானா? லாரி நிறையத் தண்ணீர் உங்கள் கை வழியாகத்தானே போகிறது? அதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லையா?”

“ஐயோ, அது மரத்துக்குங்களே! நான் வீட்லேருந்து கொண்டு வர்றேன்.”

“வெளியிலிருந்து,” என்றார் இயக்குநர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “எழுதிக்கொள்ளுங்கள். மதியம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொல்கிறார்களே?”

“உச்சி வெயில் தாங்கலீங்க. அந்த மரத்துல நெழலும் இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே...”

மற்றதை எழுதத் தேவையிருக்கவில்லை. குறிப்பாணையை மாட்ட ஆணி எடுத்து வந்த ஆளை உதவி ஆய்வாளர் தடுத்து, தானே கையில் வாங்கி, மடித்து, பளிச்சின் சட்டைப்பையில் வைத்தாள். ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பாணையைப் பையிலிருந்து எடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். டேங்கரின் அடியில் தங்கியதை மச்சான் ஒரு வாளியில் கொண்டு வந்து வைத்திருந்தான். மனைவி அதில் சட்டையை அலசி, அந்தப் பழைய கயிற்றில் போட்டாள். அந்தப் பெரிய வெட்டவெளியில் அந்த ஒரே சட்டைதான் தொங்கியது.

“என்னங்க எழுதப் போறீங்க?” என்று கேட்டாள்.

பளிச் குறிப்பாணையைப் பிரித்துப் பார்த்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஊற்றிலிருந்து ஆரம்பிப்பதா, தாம் சொன்ன சாட்சியிலிருந்து ஆரம்பிப்பதா என்று தெரியவில்லை. மேலேயிருந்து மூடுபனி இறங்கி வந்தது. வெட்டிய அடிக்கட்டைகளின் மேலாகத் தவழ்ந்து, தைலங்கன்றுகளுக்கு நடுவே புகுந்து, எங்கேயும் நிற்காமல் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

மனைவி சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். “காஞ்சிடுச்சுங்க,” என்றாள்.

அந்த ஒரு வாரம் நேற்றோடு முடிந்தது. பளிச் இன்னும் பதில் எழுதவில்லை.